சிக்னல் லைற் பாய்ச்சற் கோட்டுப்படம்: பட்டனை அமத்தினாலும் பாதசாரிக்குப் பச்சை வருதில்லை

கோப்பாய்_மாணவி:
ஐ.சி.ரி. செயற்றிட்டத்துக்குப் புளோவோலில (பாய்ச்சற் கோட்டுப்படம் கீறி லைற்றுகளை இயக்கிற மென்பொருள்) பாதசாரிக் கடவைச் சிக்னல் செய்யிறன். வாகனத்துக்குப் பச்சை 15 செக்கன். பிறகு தீர்மானப் பெட்டி: பட்டன் அமத்தியிருக்கோ? ஆம் எண்டால் மஞ்சள், சிவப்பு, பாதசாரிக்குப் பச்சை. இல்லை எண்டால் திரும்ப 15 செக்கன். பட்டன் சில நேரம்தான் வேலை செய்யுது. மற்றது, முதல் சுற்று முடிய வாகனத்துக்கு மஞ்சளும் பச்சையும் சேர்ந்து எரியுது. ஏன் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

நல்லூர்_ஐசிரி:
தங்கச்சி, மஞ்சள் விசயம் சின்னன். ஒருக்கா ஒன் பண்ணின லைற் நீங்கள் ஓஃப் பண்ணும்வரை எரியும், அடுத்த பெட்டிக்குப் போனாப்போல அணையாது. பிரித்தானிய ஒழுங்கில சிவப்புக்குப் பிறகு சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து 2 செக்கன், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் தனிய 3 செக்கன். பச்சைக்கு மாறேக்குள்ள சிவப்பு, மஞ்சள் ரெண்டையும் அணைக்கவேணும். கனபேர் சிவப்பை மட்டும் அணைப்பினம், உங்கட படத்திலயும் அந்தப் பெட்டியை முதல் பாருங்கோ.

பட்டன்தான் முக்கியம். அம்புக்குறி தீர்மானப் பெட்டிக்கு வந்து சேர்ற கணத்தில மட்டும்தான் படம் பட்டனைப் பார்க்கும். 15 செக்கன் தாமதப் பெட்டியில நிக்கேக்குள்ள ஆராவது அமத்திப்போட்டுக் கையை எடுத்தால் அது பதியாது. அதே பக்கத்தில இன்னொரு தொடக்கப் பெட்டி போட்டு ரெண்டாவது படம் கீறுங்கோ, புளோவோல் ரெண்டையும் ஒரே நேரத்தில ஓட்டும். அதில வேலை ஒண்டுதான்: பட்டன் அமந்தால் ஒரு மாறிக்கு (ஒரு எண்ணை நினைவில வைச்சிருக்கிற பெயர்) 1 குடுக்கிறது, இல்லாட்டி திரும்பவும் பார்க்கிறது. பிரதான படம் பட்டனை விட்டிட்டு மாறியைக் கேக்கட்டும்.

இன்னொண்டு. "இல்லை" அம்புக்குறியை 15 செக்கன் பெட்டிக்குத் திருப்பாதேங்கோ. தீர்மானப் பெட்டிக்கே திருப்புங்கோ. இல்லாட்டி, றோட்டில வாகனமே இல்லாத நேரத்திலயும் அமத்தின ஆள் இன்னும் 15 செக்கன் வரைக்கும் காத்து நிக்கவேணும்.

கோப்பாய்_மாணவி:
நன்றி அண்ணா, லைற் சரியாயிட்டுது. மாறியைத் திரும்ப 0 ஆக்கிறது எந்த இடத்தில? இப்ப ஒருக்கா அமத்தினால் ஒவ்வொரு சுற்றும் வாகனம் நிக்குது.

சுற்றுப்பலகை:
பாதசாரிப் பச்சை நிலையா எரிஞ்சு முடிஞ்சு, சிமிட்டத் தொடங்கிற இடத்தில 0 ஆக்குங்கோ. பச்சை தொடங்கேக்குள்ள ஆக்கினால், கடந்துகொண்டிருக்கிற ஆள் அமத்தினதும் பதிஞ்சு, வீணா இன்னொரு சுற்று வாகனம் நிக்கும். சிமிட்டி முடிஞ்ச பிறகு ஆக்கினால், சிமிட்டேக்குள்ள வந்து அமத்தின ஆளின்ர வேண்டுகோள் அழிஞ்சுபோகும்.

பிறகு கஸ்தூரியார் வீதியும் ஸ்டான்லி வீதியும் சந்திக்கிற மாதிரி ரெண்டு றோட்டுச் சந்தி செய்யிறதெண்டால், றோட்டுக்கொரு படம் கீறி ரெண்டையும் தனித்தனிய ஓட விடாதேங்கோ. ஒண்டில தீர்மானப் பெட்டி வந்த உடனை நேரம் விலகி, ரெண்டு பக்கமும் பச்சை விழும். ஒரே படத்துக்குள்ள வரிசையா வையுங்கோ. ஒரு பக்கம் சிவப்பான பிறகு 2 செக்கன் எல்லாப் பக்கமும் சிவப்பா நிண்டால், மஞ்சளில உள்ளுக்கு வந்த வாகனம் வெளியில போயிடும்.

சோதிக்கேக்குள்ள 15 செக்கனை 3 ஆக்கிப்போட்டு, எந்தப் பெட்டி நிறம் மாறுது எண்டு பாருங்கோ, படம் அப்ப அதிலதான் நிக்குது. ஒவ்வொரு பெட்டியிலயும் நிக்கேக்குள்ள பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. முக்கியமா, சிமிட்டிற கட்டத்தை விட்டிடாதேங்கோ.