முதலில் பிடிபடாமல், பிறகு மனதில் ஒட்டிக்கொண்ட கலை எது?

கொக்குவில் வாசகி:
ஓவியர் சனாதனனின் வீட்டுப் படங்களை அறிவீர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தவை. 2011இல் நூலாகவும் வந்தன. அதைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர். “என்ன பிள்ளை, வெறும் கோடும் பெட்டியும்” என்று புரட்டிக்கொண்டே போனவரின் விரல் யாரோ ஒருவரின் கிணற்றடியில் நின்றுவிட்டது. “எங்கள் கிணறு அடுப்படிக்கு இந்தப் பக்கம்” என்று ஓரத்து வெற்றிடத்தில் நகத்தால் ஒரு வட்டம் கீறினார். அந்தத் தடம் அழியவில்லை. வர்ணமோ முகமோ இல்லாத ஒரு தாளுக்கு இவ்வளவு பலமா?

கரவெட்டியான்:
அக்கா, பெரியம்மாவுக்கு அந்த வாழ்க்கை தெரியும், அதனால் பிடித்தது. தெரியாத ஒன்றின் முன்னால் பொறுமையாக உட்காருவதல்லவா திறந்த மனம்? நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கூத்துக்கு நண்பன் இழுத்துப்போனான். நடுச்சாமம் வரை எனக்கு அது வெறும் சத்தம். பிறகு ஓர் அரசனின் வரவு. வயது போன மனிதர், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் கிரீடமுமாக அத்தனை பாரம். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அவருடைய கால் ஓரிடத்திலும் பிசகவில்லை. சதங்கை எது, மத்தளம் எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு நித்திரை பறந்துவிட்டது.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், பருத்தித்துறை:
இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் படப் பிரதி ஒன்றை வகுப்பில் காட்டினேன். நான் வாய் திறக்குமுன்பே ஒரு மாணவி, “சேர், இரண்டு முகத்துக்கும் ஒரே கோடுதான்” என்றாள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரவிவர்மா 1894இல் அச்சகம் தொடங்கிய பிறகு அச்சுப் படங்கள் வீட்டுச் சாமியறை வரை வந்தன. அவற்றில் பழகிய கண், எந்தப் படத்திலும் அசலைப் போன்ற முகத்தையே தேடுகிறது. கொழும்பில் 1943இல் கீற்றும் நண்பர்களும் ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவாகச் சேர்ந்து வேறு வழியில் வரைந்தார்கள். கண்காட்சிக்குப் போனால் பெயர் அட்டையை முதலில் வாசிக்காதீர்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பாருங்கள். கிட்டப் போங்கள், பின்னால் வாருங்கள். ‘இது என்ன’ என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அவர்களுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள்.

கரவெட்டியான்:
ஐயா, படத்துக்குச் சரி. கூத்துக்குக் கதை தெரியாமல் போனால் பாதி போய்விடும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியதும் புதியவர்கள் உள்ளே வரத்தானே.

கொக்குவில் வாசகி:
சுருக்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், தம்பி. விடிய விடிய ஆடும் கூத்து அடுத்து எங்கே என்று தெரிந்தால் எழுதுங்கள். பெரியம்மாவும் வருவார்.