டெக்னிக்: ஆல்பமா, அவியலா?

நாலாவதுதந்தி:
நேற்று வேறொரு பேச்சுக்கு நடுவில் பழையகேசட் போகிறபோக்கில் எழுதியது இது: "நியூ ஆர்டரின் டெக்னிக் ஆல்பமே இல்லை, அவியல். முதல் பாட்டு கிளப்பில் ஆடுகிறது, அடுத்த பாட்டு கிட்டாரோடு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 1989 ஜனவரியில் வந்து, பிரிட்டனில் அந்த இங்கிலாந்து இசைக்குழுவுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்த ஆல்பம் ஐயா அது. கிளப்பும் கிட்டாரும் மாறி மாறி வருவதுதான் அதன் அழகே. இரண்டையும் கட்டிப்போடுவது குழுவின் பீட்டர் ஹூக் வாசிக்கும் பேஸ் கிட்டார். மற்ற பேஸ்காரர்கள் கீழ்ஸ்தாயியில் உறுமும்போது இவர் மேல்ஸ்தாயியில் மெட்டையே வாசிப்பார். இரண்டாவது பாட்டு 'ஆல் தி வே' கேட்டும் இது புரியவில்லையென்றால் காதில் கோளாறு.

பழையகேசட்:
என் காது நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பாட்டு 'ஃபைன் டைம்' முடிவில் ஆடு கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. உங்கள் பேஸ் அந்த ஆட்டையும் கட்டிப்போடுகிறதா?

நாலாவதுதந்தி:
அது சாம்ப்ளரில், அதாவது பதிவுசெய்த சத்தத்தைப் பாட்டில் நுழைக்கும் கருவியில், செய்த குறும்பு. 1988-இல் இபிசா தீவுக்குப் பதிவு செய்யப் போனவர்கள், ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் நடன இசை கொடிகட்டிப் பறந்த நேரம், ராத்திரியெல்லாம் கிளப். அந்தக் கூத்துதான் பாட்டில் இருக்கிறது.

இரவுவண்டி:
ஒரு சந்தேகம். ஆல்பம் "ஒட்டி நிற்கிறது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒலியா, வரிகளா, பாட்டுகளின் வரிசையா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

பழையகேசட்:
குறும்பு என்றால் ஆல்பத்தில் சேர்க்காமல் தனிப்பாட்டாக, சிங்கிளாக மட்டும் விட்டிருக்கலாமே. அவர்களுடைய 'ப்ளூ மண்டே' பாட்டை 1983-இல் அப்படித்தான் பிரிட்டனில் ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள். அன்றைக்கு இருந்த புத்தி இங்கே எங்கே போயிற்று? ஆட்டுக்கும் வாலை அளந்துதான் வைத்திருக்கிறது.

நாலாவதுதந்தி:
பழமொழி சொன்னால் வாதம் ஆகிவிடுமா? 'ஃபைன் டைம்' இல்லாமல் 'ஆல் தி வே'யைக் கேட்டுப் பாருங்கள், சப்பென்று இருக்கும். அந்த மெஷின் இரைச்சல் ஓய்ந்து, ஒரு நொடி வெறுமைக்குப் பிறகு கிட்டார் வரும்போது, கிளப் கதவைத் திறந்து விடியற்காலைத் தெருவுக்கு வந்ததுபோல இருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆடே கத்துகிறது.

பழையகேசட்:
ஆடு கத்தியதற்கு இவ்வளவு பெரிய தத்துவத்தை நான் கேட்டதே இல்லை.

நாலாவதுதந்தி:
போன வருஷம் டெபெஷ் மோட் குழுவைப் பற்றிய பேச்சிலும் இதே கிண்டல்தான் செய்தீர்கள். கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

சிந்துபித்தன்:
இபிசா ஆல்பம், இபிசா ஆல்பம் என்கிறீர்கள். முடித்தது இங்கிலாந்தில், பாத் நகரத்துப் பக்கம் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவில். பாதி வெயில், பாதி மழை. இரண்டு பாதியும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. அப்புறம் 'ரன்' பாட்டில் தன் பாட்டின் சாயல் இருக்கிறதென்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தரப்பு வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனதையும் சொல்லிவிடுங்கள்.

நாலாவதுதந்தி:
வழக்குக்கும் ஆல்பம் ஒட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

பழையகேசட்:
பாருங்கள், அவரே ஆட்டுக்கு வந்துவிட்டார்.

இரவுவண்டி:
வரிகளை வைத்துப் பார்த்தால் ஒட்டுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'லவ் லெஸ்', 'கில்டி பார்ட்னர்', எல்லாமே உறவு கசந்துபோன ஆளின் குரல். 'மிஸ்டர் டிஸ்கோ' கேட்க ஜாலியாக இருக்கும், உள்ளே பார்த்தால் விடுமுறையில் பார்த்த பெண்ணைத் தேடி அலைகிற புலம்பல். யாராவது இதைப் பற்றி...

நாலாவதுதந்தி:
தம்பி, வரிகளை அப்புறம் பார்ப்போம். பழையகேசட், நேராகக் கேட்கிறேன். இதை எதில் கேட்டீர்கள்?

பழையகேசட்:
போனில்தான். வரிசை கலைத்துப் போட்டு.

நாலாவதுதந்தி:
கலைத்துப் போட்டா! இதற்காகவா நான் ராத்திரி ஒரு மணிவரை தட்டச்சு செய்தேன்? எல்பியில் முதல் பக்கம் 'கில்டி பார்ட்னர்' சோகத்தில் முடியும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் 'ரன்'. அந்த எழுந்து போவதும் ஆல்பத்தில் சேர்த்திதான். வரிசையைக் கலைத்துவிட்டு ஒட்டவில்லை என்பது, சீட்டுக்கட்டைக் கலைத்துவிட்டு வரிசையாக இல்லையே என்று அழுவது மாதிரி.

பழையகேசட்:
நல்ல ஆல்பம் எப்படிக் கலைத்தாலும் நிற்கும். எல்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் காது இருக்கிறதா? இந்தத் திமிருக்காகவே உங்களோடு பேசக்கூடாது என்று நினைப்பேன்.

சிந்துபித்தன்:
என்னைக் கேட்டால் அவர்களுடைய 'லோ-லைஃப்' ஆல்பம் இதைவிடக் கச்சிதம்.

நாலாவதுதந்தி:
அதை யாரும் இங்கே கேட்கவில்லை. பழையகேசட், இன்றைக்கு ராத்திரி முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

பழையகேசட்:
கேட்கிறேன். ஆடு கத்துகிற இடத்தில் நிறுத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.