காலநிலைச் செய்தியை 6, 7, 8-ஆம் வகுப்புகளில் எடுப்பது: ஆசிரியர்கள் பகிர்ந்தவை

கணக்கு ஆசிரியர்:
தலைப்புச் செய்தியில் தொடங்காதீர்கள், எண்ணில் தொடங்குங்கள். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் கீலிங் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆண்டுச் சராசரியை முழு எண்ணாக்கிப் பலகையில் எழுதுங்கள்: 1960 – 317, 1970 – 326, 1980 – 339, 1990 – 354, 2000 – 370, 2010 – 390, 2020 – 414. காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று பொருள்.

கிராஃப் தாளில் கிடையாக 2 செ.மீ.க்குப் பத்து ஆண்டு, மேலே 1 செ.மீ.க்கு 10 பங்கு. மேல் அச்சு 300-இல் தொடங்கட்டும். பழக்கத்தில் சுழியத்திலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு 41 செ.மீ.க்கு மேல் வேண்டும், தாள் போதாது. முடித்ததும் 1 செ.மீ.க்கு 20 பங்கு என்று வைத்துச் சுழியத்திலிருந்தே இன்னொன்று போட வையுங்கள். அதே எண்கள்தான், ஆனால் கோடு படுத்துக்கொள்ளும். பத்திரிகைப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் அச்சைப் பார்க்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

அடுத்தடுத்த எண்களைக் கழிக்கச் சொல்லுங்கள்: 9, 13, 15, 16, 20, 24. கூடும் வேகமே கூடுகிறது என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அறிவியல் ஆசிரியர்:
டீச்சர் சொன்னதோடு மாத அளவையும் சேருங்கள். ஆண்டுதோறும் மே மாதம் உச்சம். செப்டம்பர், அக்டோபரில் சுமார் 6 பங்கு இறங்கிவிடும். வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் கோடையில் இழுத்துக்கொள்வதே காரணம். ஆகவே மே மாத அளவைப் போன மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

2020 ஊரடங்கில் உலகம் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 5 சதவீதம் குறைந்தும் காற்றில் அளவு ஏன் ஏறியது என்று எட்டாம் வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். குழாயைக் கொஞ்சம் சிறுக்கினாலும் தொட்டி நிறைந்துகொண்டேதான் இருக்கும் என்று காட்டுங்கள்.

ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றிக் கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கிய பாட்டிலை விளக்கடியில் வைத்து 'பசுமை இல்ல விளைவு' (அந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பது) காட்டுவதை விட்டுவிடலாம். அதில் வெப்பமானி ஏறுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: கனமான வாயு கீழே தங்குவதால் பாட்டிலுக்குள் காற்றுச் சுழற்சி குறைகிறது. விடை சரியாக வந்தாலும் விளக்கம் தவறு.

அதற்குப் பதில் பனிக்கட்டி. அடி 10 × 10 செ.மீ. உள்ள கண்ணாடிப் பெட்டி இரண்டு, 100 மி.லி. தண்ணீரை அளந்து உறைய வைத்த கட்டி இரண்டு. ஒன்றை மிதக்க விடுங்கள். மற்றொன்றை நீருக்கு மேல் நிற்கும் கல்லில் வையுங்கள். கட்டி இரண்டும் இடத்தில் அமர்ந்த பிறகே நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். மிதப்பதில் மட்டம் மாறாது. கல் பெட்டியில் 1 செ.மீ.க்குச் சற்று மேல் ஏறும். கட்டி வழுக்கி நீரில் விழுந்தால் சோதனை கெட்டது, மேல்பக்கம் குழிந்த கல்லாகப் பாருங்கள். ஆர்க்டிக் கடற்பனி (மிதக்கும் பனி) உருகும் செய்தியையும் கிரீன்லாந்துப் பனி (நிலத்தின் மேல் உள்ள பனி) உருகும் செய்தியையும் இதற்குப் பிறகு கையில் கொடுங்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர்:
2024-இல் உலகச் சராசரி வெப்பம் 1850–1900 சராசரியைவிட சுமார் 1.55 டிகிரி கூடியதாக உலக வானிலை அமைப்பு சொன்னது. உடனே 'பாரிஸ் ஒப்பந்தம் முறிந்ததா?' என்பார்கள். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அந்த 1.5 டிகிரி எல்லை ஓராண்டுக் கணக்கல்ல, பல பத்தாண்டுச் சராசரி. செய்தியில் வரும் ஒவ்வொரு டிகிரிக்கும் பக்கத்தில் 'எந்தக் காலத்தைவிட? எத்தனை ஆண்டுச் சராசரி?' என்று பென்சிலில் எழுத வையுங்கள்.