காது மிஷின் போட்டும் ரீங்காரம் போகல, கழட்டுனா இன்னும் ஜாஸ்தி, என்ன பண்றது?

நகரி பையன்:
எங்க நைனாவுக்கு 58 வயசு, ஏகாம்பரகுப்பத்துல சின்ன வயசுலருந்து பவர்லூம்தான். ரெண்டு காதுலயும் கொய்ங்னு ஓயாம சத்தமாம். தறி ஓடுறப்ப தெரியாது, கரண்ட் போயி தெருவுல எல்லா தறியும் ஒண்ணா நின்னுச்சுன்னா தலைய புடிச்சிகினு உக்காந்துடுவாரு. டெஸ்ட் பண்ணி கீச்சு சத்தமெல்லாம் கேக்குறது கம்மின்னு சொல்லி மிஷின் குடுத்தாங்க, அதுலயே மழை மாதிரி ஒரு இரைச்சல் வருது, கொய்ங் சத்தமே கேக்காத அளவுக்கு அத ஏத்தி வெச்சி அனுப்பிட்டாங்க. பகல்ல பரவால்ல, ராத்திரி கழட்டுனா ரெண்டு மடங்கா கேக்குதாம், இப்ப மிஷின் பீரோவுல கெடக்குது. வேற கம்பெனி மாத்தணுமா?

சித்தூர் அக்கா:
தம்பி நான் ஆடியாலஜி, அதாவது காது கேக்குறத சோதிச்சு மிஷின் செட் பண்ற படிப்பு படிச்சவ. மிஷின மாத்தாதீங்க, செட்டிங்க மாத்துங்க. இரைச்சல் கொய்ங்க முழுசா மூடக்கூடாது, ரெண்டும் கலந்து கேக்கணும், கொய்ங் லேசா தெரியணும். முழுசா மூடிட்டா மூளை அத பழகாதுன்னு சொல்றாங்க. 1990 வாக்குல ஜாஸ்ட்ரெபாஃப்னு ஒருத்தர் சொன்ன முறை இது, சத்தத்த அழிக்கிறது இல்ல, கண்டுக்காம இருக்க பழக்குறது, 12லருந்து 18 மாசம் கூட ஆகும். தறி சத்தத்துல மொதல்ல அடிவாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சு சத்தம், அங்கருந்து தகவல் வரலன்னா மூளை தானா வால்யூம ஏத்திக்குது, அதான் ரீங்காரம்னு சொல்றாங்க. அதனால இரைச்சல விட முக்கியம் மிஷின் வழியா வர்ற குக்கர் விசில், தெருப்பேச்சு எல்லாம். மிஷின்ல கொய்ங்குக்குன்னு வெச்ச செட்டிங்ல, சுத்துச் சத்தத்த கொறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன ஆஃப் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா இந்த சின்னச் சின்ன சத்தத்தயும் அது அமுக்கிடும். முழிச்சிருக்கிற நேரம் பூரா போட்டிருக்கணும், டிவி பாக்க மட்டும் போட்டா பிரயோஜனமே இல்ல.

புத்தூர் தறிக்காரன்:
எனக்கும் இதே கதைதான்பா. ராத்திரி அமைதியா இருக்கவே கூடாது, டேபிள் ஃபேன் ஓடவுடு, இல்ல போன்ல மழை சத்தம் மெதுவா வெச்சி தலமாட்டுல வை, இயர்ஃபோன் வேணாம். சரியாயிடும்னு எண்ணெய் ஊத்துற கிராக்கிங்க இருப்பாங்க, கிட்டயே சேக்காத.

நகரி பையன்:
தேங்க்ஸ்ணா. அக்கா, ஷெட்டுக்கு மிஷின் போட்டுகினு போலாமா?

சித்தூர் அக்கா:
வேணாம் தம்பி, தறி சத்தத்த அது இன்னும் பெருசாக்கும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் தாண்டுனாலே காதுக்கு ஆகாது, ஷெட்டு அதுக்கு மேல. ஷெட்டுக்குள்ள மிஷின கழட்டி டப்பாவுல வெச்சிட்டு காத முழுசா மூடுற இயர் மஃப் போடட்டும், பஞ்சு பத்தாது. வெளிய வந்ததும் மறுபடி மாட்டிக்கணும். ஆனா ஒரு காதுல மட்டும் சத்தம் வந்தா, நாடி மாதிரி துடிச்சா, திடீர்னு காது அடைச்சா செட்டிங்குக்கு போகாதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டர பாருங்க.