ஃபாகுக்கு ‘மூட்டம்’ வேணாமே, ‘நீறு’ சரியா வருமா?

ஃபிலிம் ஃபோட்டோகிராஃபி சொற்களுக்குத் தமிழ் வைக்கறதப் பத்தித்தான் பேச்சு. லேட்டன்ட் இமேஜுக்கு ‘உள்ளுறை பிம்பம்’னு வச்சதுல எனக்கு சண்டையே இல்ல, உள்ளுறை வெப்பம் ஏற்கெனவே பாடப்புத்தகத்துல புழங்குது, ஃபிலிம்ல வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புப் படிகத்துல நாலைஞ்சு வெள்ளி அணு கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கறதுக்கு இதவிடப் பொருத்தமா கிடைக்காது. ஃபாகுக்கு, அதாவது படம் இல்லாத இடமும் கறுத்து ஃபிலிம்ல பரவற சாம்பல் நிறத்துக்கு, ‘பனிமூட்டம்’, ‘மூட்டம்’னு போடுறதுதான் இடிக்குது.

மூட்டம்னா கலையும். லென்ஸ்ல படியற மங்கலுக்கு, ஹேஸுக்கு, வச்சுக்கலாம். பழைய ஃபிலிம்ல நடக்கறது வேற: வெளிச்சமே படாத படிகமும் வருசக்கணக்கா சூட்டுலயும் இயற்கைக் கதிர்வீச்சுலயும் கெட்டுப்போய், டெவலப்பர்ல, அதாவது படத்த வெளிய கொண்டுவர்ற ரசாயனத்துல, போட்டதும் படம் பட்ட படிகத்தோட சேர்ந்து தானும் கறுத்துடுது. இன்னொரு பக்கம் ஈரமும் ஆக்சிஜனும் உள்ளுறை பிம்பத்த அரிச்சுகிட்டே இருக்கு.

போன வாரம் முப்பது வருசமா கிடந்த ஒரு ரோல கழுவினேன். படத்த நிலைக்க வைக்கற ஃபிக்ஸர் ரசாயனத்துலேர்ந்து எடுத்தா முழு நீளமும் ஒரே சாம்பல், ஓரத்து நம்பரையே தேடணும். போச்சுடான்னு தூக்கிப்போடப் போனவன் ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சேன், ஒரு நாற்காலி முதுகு, அதுல தொங்கற துண்டு. நீறு பூத்த நெருப்புன்னு சொல்றோமே, அதேதான்.

அப்ப ஃபிலிம் ‘நீறு பூத்திருக்கு’, வெளிச்சமே படாத ஃபிலிம்லயும் இருக்கற பேஸ் ஃபாக் ‘அடிநீறு’, ஃபாக அடக்கச் சேக்கற ரசாயனமான ஆன்டிஃபாகன்ட் ‘நீறடக்கி’. பென்சோட்ரையசோலும் பொட்டாசியம் புரோமைடும் அடக்கத்தான் செய்யும், வந்தத நீக்காது, அளவு மிஞ்சினா பிம்பத்தையும் சேத்து அமுக்கிடும், அதனால தயவுசெஞ்சு ‘நீறுநீக்கி’ன்னு எழுதிடாதீங்க.

நீறும் ஊதினா பறந்துடுமேன்னு கேப்பீங்க. ஒத்துக்கறேன். ஆனா மூட்டம் வெளியேர்ந்து வந்து கவியறது, நீறு எரிஞ்ச பொருள்லேர்ந்தே வர்றது. ஃபிலிமோட சாம்பலும் படத்தக் குடுக்கற அதே வெள்ளியிலேர்ந்துதான் வருது. அதோட, 1897ல ஆர்க்டிக்ல பலூன்ல போய் மாட்டிக்கிட்ட ஆந்த்ரே குழுவோட ஃபிலிம் 1930ல கிடைச்சு, ஸ்வீடன் ஃபோட்டோகிராஃபர் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் பொறுமையா வேல பாத்து 240 படத்துல 93அ தேத்தினாரு இல்லையா, அந்தப் படங்கள்ல ‘பனிமூட்டம்’ இருக்குன்னு எழுதினா அன்னிக்கு அங்க வானிலை அப்படின்னுதான் படிப்பாங்க!

கேமரா இடுக்கு வழியா வெளிச்சம் பூந்து வர்ற ஃபாகுக்கு மட்டும் நீறு ஒட்டாது. அதுக்குத்தான் ‘ஒளிக்கசிவு’ இருக்கே, அது தனியாவே இருக்கட்டும்.