ஜாம்பரினிக்குக் கெட்ட கனவு நின்றது எதனால்?

தூத்துக்குடி எபி:
போன ஞாயிறு எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் லூயி ஜாம்பரினியின் சாட்சியை, அதாவது கடவுள் அவரை மாற்றிய கதையை, சொன்னேன். முடிந்ததும் ஒரு தம்பி வந்து, "அண்ணா, ஒரே ராத்திரியில் ஒரு மனுஷன் அப்படி மாறுவானா?" என்று கேட்டான். மாறுவான் என்றேன். அதை இங்கேயும் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். போரில் விமானத்திலிருந்து குண்டு வீசும் வேலை. 1943 மே மாதம் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. 11 பேரில் 3 பேர்தான் பிழைத்தார்கள். ரப்பர் படகில் 47 நாள். நடுவிலேயே ஒருவர் இறந்துபோனார். கரை சேர்ந்த இடத்தில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் சிறை முகாம்கள். வத்தனாபே என்ற காவலர் இவரையே தேடித் தேடி அடித்தார்.

1945-இல் வீடு திரும்பினார். வத்தனாபேயும் கனவில் கூடவே வந்துவிட்டார். ஒரு ராத்திரி இவர் வத்தனாபேயின் கழுத்தை நெரிப்பதாகக் கனவு. விழித்துப் பார்த்தால் தன் கையில் இருப்பது கர்ப்பிணி மனைவியின் கழுத்து. குடி, சண்டை, விவாகரத்துப் பேச்சு. 1949-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பில்லி கிரகாம் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் கூடாரம் போட்டுப் பிரசங்கம் செய்தார். மனைவி விடாப்பிடியாகக் கூட்டிப்போனார். முதல் நாள் இவர் கோபத்தோடு எழுந்து வெளியே வந்துவிட்டார். அடுத்த முறையும் வெளியேறத்தான் பார்த்தார். அப்போதுதான் படகில் தாகத்தோடு கிடந்தபோது "என்னைக் காப்பாற்றினால் உமக்கு ஊழியம் செய்வேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் பாட்டில்களைக் கொட்டினார். அந்தக் கனவு அதன்பின் வரவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2014-இல் 97 வயதில் இறக்கும்வரை அதே சாட்சிதான். 1950-இல் டோக்கியோ சுகாமோ சிறைக்கே போய், அங்கே கைதிகளாக இருந்த, தன்னை வதைத்த காவலர்களை நேரில் மன்னித்தார். இதை வேறு எது செய்யும்?

மருதன்:
எபி தம்பி, அந்த மனிதரின் வாழ்க்கையை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீ எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1949-இல் இந்த நோய்க்கு ஒழுங்கான பெயரே கிடையாது. பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-இல், வியட்நாம் சிப்பாய்கள் ஊர் திரும்பி எத்தனையோ வருடம் கழித்து. திறந்திருந்த கதவு அந்தக் கூடாரம்தான், அதில் நுழைந்தார். அதே கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்கும் அலறி எழுந்தவன் ஒருவனாவது இருந்திருப்பான். அவனிடம் யாரும் மைக் கொடுப்பதில்லை.

எரிக் லோமாக்ஸை எடுத்துக்கொள். ஸ்காட்லாந்துக்காரர், 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை. ரகசியமாக ரேடியோ வைத்திருந்தார்கள் என்று அடித்து, கையை உடைத்து, வாயில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அவர் போருக்கு முன்பே பாப்டிஸ்ட் சபையில் இருந்தவர். அந்த விசுவாசத்தோடு போனவருக்குத்தான் அரை நூற்றாண்டு தூக்கமில்லை. கடைசியில் உதவியது லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு என்றே நடத்திய சிகிச்சை மையம், விட்டுக்கொடுக்காத மனைவி, அப்புறம் 1993-இல் அந்த விசாரணையின்போது மொழிபெயர்த்த நகாசேயைக் குவாய் ஆற்றுப் பாலத்தில் சந்தித்தது. நகாசே பௌத்தர். பாவம் தீர அங்கே கோயிலே கட்டியவர். இதை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவாய்?

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமில்லை. என் சித்தப்பா 17 வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஊருக்கு வந்தபின் கட்டிலில் படுக்கமாட்டார். சுவரில் முதுகு ஒட்டும்படி தரையில்தான் படுப்பார், கதவைப் பார்த்தபடி. டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஓரளவு தூங்கினார். ஒரு ஜெபவீட்டில் "மாத்திரை போடுவது அவிசுவாசம்" என்றார்கள். நிறுத்தினார். இரண்டாவது மாதம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்மேன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அந்த ஜெபவீட்டிலும் இப்படித்தான் ஒரு சாட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ராத்திரியில் குணமானவர் என்று.

தூத்துக்குடி எபி:
அண்ணே, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொன்னவர்கள் செய்தது பாவம். வேதத்தில், சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். முதலில் சோறும் தூக்கமும்தான்.

ஆனால் நீங்கள் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். லோமாக்ஸுக்கும் கடைசியில் மன்னிப்பில்தானே முடிந்தது? ஜாம்பரினிக்குப் பயத்தைவிட வெறுப்புதான் பெரிய நோய். ஜப்பானுக்குத் திரும்பிப் போய் வத்தனாபேயைக் கொல்வதற்கே திட்டம் போட்டிருந்தவர். அந்த வெறுப்புக்கு மாத்திரை உண்டா?

பினாங்கு பேத்தி:
லோமாக்ஸ் வேலை செய்த அதே பாதையில்தான் என் தாத்தாவும். சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர், மலாயா தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப்போனார்கள். தாத்தா சிப்பாய் இல்லை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதனால் பென்ஷனும் இல்லை, சிகிச்சை மையமும் இல்லை, சாட்சி கேட்க ஆளும் இல்லை. சாகும்வரை தலையணைக்கடியில் ஒரு பிடி அரிசி முடிந்து வைத்திருந்தார். தினமும் முருகனைக் கும்பிட்டார், கனவு மட்டும் நிற்கவில்லை. அவருக்கு பக்தி போதாது என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். எபி, உங்கள் சபையில் கனவு நிற்காதவரிடம் என்ன சொல்வீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி:
நான் கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 14 வருடமாகப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு காயங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

ஒன்று பயம். அது உடம்பில் இருக்கிறது. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கை என்றால் எங்கள் வார்டில் அன்றைக்கு யாரும் தூங்கமாட்டார்கள். அறுபது வயது ஆள் கட்டிலுக்கடியில் இருப்பார். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பயப்படும் நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்கள், மெல்ல அதன் விஷம் இறங்கும். இதில் ஜெபம் துணைதான், மருந்தின் இடத்தில் அதை வைக்கக்கூடாது.

இன்னொன்று குற்றவுணர்வு. வியட்நாம் வீரர்களோடு பல வருடம் வேலை செய்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் தார்மீகக் காயம் என்று ஒன்றைத் தனியாகவே பிரித்துப் பேசினார், அவர் முக்கியமாகச் சொன்னது மேலே இருப்பவர்கள் செய்யும் துரோகத்தை. பின்னால் வந்தவர்கள் தான் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் அதில் சேர்த்தார்கள்.

என் வார்டில் வியட்நாம் போனவர் ஒருவர் இருந்தார், கத்தோலிக்கர். ராத்திரி மூன்று மணிக்கு பெல் அடிப்பார். போனால் வலி என்று சொல்லமாட்டார். "சிஸ்டர், கொன்றவனுக்கு நற்கருணை உண்டா?" என்பார். பூசையில் கொடுக்கும் அப்பத்தை வாங்கத் தனக்குத் தகுதி உண்டா என்று கேட்கிறார். பகலில் கவுன்சலர் "அது போர், உங்கள் தப்பில்லை" என்று சொல்லியிருப்பார். அதைச் சொன்ன அன்றைக்கெல்லாம் இவர் இன்னும் மோசமாக இருப்பார். தப்பு செய்தேன் என்று சொல்கிறவனிடம் நீ செய்யவே இல்லை என்றால், அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஆஸ்பத்திரிப் பாதிரியார் அப்படிச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஐந்தாறு வாரம் வந்தார். ஒருநாள் அந்த வீரர் அவரிடம் முழுசாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார், தன் பாவங்களை எல்லாம் வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் காலை அவர் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டு, தலை சீவி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மாத்திரை தொடர்ந்தது. இரண்டு மணி நேரத் தூக்கம் ஐந்து மணி நேரமானது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார மட்டும் கடைசிவரை முடியவில்லை.

2004-இல் ஃபோன்டானா, ரோசன்ஹெக் என்ற இருவர் பிடிஎஸ்டி-க்குச் சிகிச்சை பெறும் முன்னாள் வீரர்களை ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப மனநல சேவையை நாடி வரவைத்தது நோயின் கடுமையைவிடக் குற்றவுணர்வும் ஆட்டம்கண்ட விசுவாசமும்தான் என்று கண்டார்கள். அதை எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன். கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என்று நம்புகிறவர்கள், நம்பிக்கையே இல்லாதவர்களைவிட அதிகம் படுகிறார்கள். ஆக, மருதன் சொல்வதும் சரி.

மருதன்:
அக்கா, கவுன்சலர் விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. அதை நான் அப்படி யோசித்ததில்லை.

ஆனால் எபி, நீயும் ஒன்று கேள். 1066-இல் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்த நார்மன் படைக்கு ஆயர்கள் தவம் விதித்தார்கள். கொன்றது தெரிந்தால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடம். போப்பின் ஆதரவோடு போன படை அது, அப்படியும் விதித்தார்கள். அந்தச் சபை யாரிடமும் இன்றைக்கே விடுதலை என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் சுமக்க ஒரு வழி கொடுத்தது. உங்கள் பழைய ஆட்களுக்குத் தெரிந்தது உங்கள் மேடைக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் என் கோபம்.

தூத்துக்குடி எபி:
பேத்தி அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேதத்தில் சங்கீதம் 88 என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசிவரை அழுகை, முடிவதும் இருளில்தான். ஆறுதலாக ஒரு வசனம்கூட ஒட்டிவைக்கவில்லை. அதுவும் வேதம்தான். கனவு நிற்காதவரோடு அதை வாசிப்பேன், வேறு எதுவும் சொல்லமாட்டேன்.

மருதன் அண்ணே, ஜாம்பரினிக்குக் கனவு நின்றது என்பதை நான் விடமாட்டேன், அது அவர் வாயால் சொன்னது. ஆனால் அந்தத் தம்பியிடம் "மாறுவான்" என்று சொன்னது தப்பு. அவனுடைய அப்பாவும் ராணுவம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்த ஞாயிறு அவனிடம் லோமாக்ஸையும் சொல்கிறேன். டாக்டர் விலாசமும் வைத்திருக்கிறேன்.

நைட் டியூட்டி:
மருதன், சித்தப்பா இப்போது தூங்குகிறாரா?

மருதன்:
மாத்திரையோடு தூங்குகிறார், அக்கா. இன்னமும் சுவரோரம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகிறார். அந்த ஜெபவீடு இல்லை, பெரிய தெருவில் இருக்கும் பழைய கோயில். கடைசி பெஞ்சில், வாசல் பக்கம் உட்காருவார். அங்கே அவரை யாரும் முன்னால் வரச் சொல்வதில்லை.