பட்டம் அக்காவுக்கு, நூல் தம்பிக்கு

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. இருவருக்கும் ஜோடியாக மெஷின் எம்பிராய்டரி போட்ட சட்டை போட்டுப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. முதல் முறை ஒரே நிறத்தில் இரண்டு டி-ஷர்ட் எடுத்து, இரண்டிலும் ஒரே பட்டத்தைப் போட்டேன். மகளுடையது அழகாக வந்தது. அதே டிசைனை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கி மகன் சட்டையில் ஓட்டியபோதுதான் வினை. பாதியிலேயே ஊசி உடைந்தது. புது ஊசி மாற்றி முடித்தேன். ஆனால் நெஞ்சுப் பகுதி அட்டை போல விறைத்துவிட்டது. குழந்தை அதைப் பத்து நிமிடம்கூட உடம்பில் வைத்திருக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. மெஷின் படித்துத் தைக்கும் டிசைன் ஃபைலை அப்படியே சுருக்கினால் படம் சிறிதாகும். குத்துகளின் எண்ணிக்கை குறையாது. 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட வேண்டிய வரிகள் 0.2 மில்லிமீட்டரில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுகின்றன. டிசைன் அளவைப் பத்து சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். அதற்குமேல் என்றால், குத்துகளைத் திரும்பக் கணக்கிடும் மென்பொருளில் மாற்ற வேண்டும்; அல்லது சின்ன அளவுக்கென்றே வரைந்த டிசைனை எடுக்க வேண்டும்.

அந்தத் தோல்வி இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே படம் எதற்கு? ஒருவர் சட்டையில் தொடங்குவது மற்றவர் சட்டையில் போய் முடிந்தால் என்ன? அக்கா உயரம், தம்பி குள்ளம். எனவே பட்டம் அக்காவின் நெஞ்சில். அதன் நூல் சரிந்து இறங்கி அவள் சட்டையின் பக்கத் தையலோடு மறைகிறது. தம்பியின் சட்டையில் அதே நூல் தோளோரம் நுழைந்து, நெஞ்சில் இருக்கும் நூல்கண்டில் வந்து சேர்கிறது.

பட்டத்தைக் குத்துகளால் நிரப்பாமல் அப்ளிக்காக, அதாவது துணித்துண்டை மேலே வைத்துத் தைக்கும் முறையில் செய்தேன். முதலில் துணி எங்கே வர வேண்டும் என்று காட்டும் கோடு ஓடும். வண்ணத் துணித்துண்டை அதன்மேல் வைத்ததும் அதைப் பிடித்துக்கொள்ளும் தையல் ஓடும். மெஷினை நிறுத்தி, துணியைப் பிடித்திருக்கும் சட்டமான ஹூப்பை மெஷினிலிருந்து கழற்றி, வளைந்த முனைக் கத்தரியால் மிச்சத் துணியை ஒட்ட வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் விளிம்பில் நெருக்கமாக ஓடும் சாட்டின் தையல் வந்து மூடிவிடும். குத்துகள் வெகுவாகக் குறைகின்றன. சட்டையும் மெத்தென்று இருக்கிறது. தம்பியின் நூல்கண்டுக்கும் அக்கா பட்டத்தில் வெட்டிய அதே துணியின் மிச்சத்தைத்தான் வைத்தேன். சட்டைகள் வேறு வேறு நிறம். ஆனால் அந்த ஒரு துண்டுத் துணியும் ஒரே சிவப்பு நூலும் இரண்டையும் உடன்பிறப்புகளாக்கிவிட்டன. படத்தைவிட நிறம்தான் ஜோடி சேர்க்கிறது என்பது என் உறுதியான கருத்து.

டி-ஷர்ட்டை ஹூப்பில் இழுத்து மாட்டுவதையும் விட்டுவிட்டேன். இழுபட்ட துணி ஹூப்பை விட்டு வெளியே வந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கி, டிசைனைச் சுற்றி அலை அலையாக நிற்கும். துணியைத் தாங்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசரில், தைத்தபின் மிச்சத்தை வெட்டி நீக்கும் வகையை மட்டும் பறைத் தோல் போல விறைப்பாக ஹூப்பில் பிடித்து, தற்காலிகப் பசை தெளித்து, சட்டையை அதன்மேல் இழுக்காமல் படுக்க வைக்கிறேன். 75/11 அளவில் உருண்டை முனை ஊசி. அது இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும்.

மகன் சட்டையைப் பார்த்ததும் தன்னுடைய பட்டம் எங்கே என்று கேட்டு அழுதான். அக்கா அவன் கையைப் பிடித்து நூல்கண்டின்மேல் வைத்து, “நீ விட்டுவிட்டால் பட்டம் பறந்து போய்விடும்” என்றாள். அன்று முழுவதும் அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

*

பட்டச் சட்டை பற்றி எழுதிய அக்கா, உங்கள் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூவர். மூன்று சட்டைகளை வாங்கிய அன்றே, துவைக்காமல் டிசைன் போட்டுவிட்டேன். இரண்டு சட்டைகள் சுத்தப் பருத்தி, ஒன்று பாலியெஸ்டர் கலந்தது. முதல் சலவையில் பருத்தித் துணி சுருங்கியது. டிசைன் போட்ட பாலியெஸ்டர் நூல் சுருங்கவில்லை. நடுப்பிள்ளையின் சட்டை மட்டும் தப்பியது, மற்ற இரண்டிலும் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. “எங்கள் சட்டைக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று பெரியவன் கேட்டபோது எனக்கு மனது கேட்கவில்லை. மூன்றையும் புதிதாகச் செய்தேன். இப்போது துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடாமல் எந்தச் சட்டையையும் மெஷின் அருகே கொண்டுபோவதில்லை.

*

இருவரும் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். சின்ன அளவுச் சட்டையில் டிசைன் போடுபவர்கள் கவனியுங்கள். ஒரு வயதுக் குழந்தையின் சட்டை ஹூப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். அடியில் பின்பக்கத் துணி எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் ஓட்டி, முன்னையும் பின்னையும் சேர்த்தே தைத்துவிட்டேன். சாட்டின் தையலைப் பிரிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. கடைசியில் துணியில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு சட்டையை உள்வெளியாகத் திருப்பி, ஒரு கிண்ணம் போல ஹூப்பைச் சுற்றி விரித்து, கைப்பகுதிகளைத் துணிக்கிளிப்பால் கவ்விவிடுகிறேன். ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன்.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். அடியிலிருந்து வரும் பாபின் நூலின் முடிச்சுகளும் ஸ்டெபிலைசரின் விளிம்பும் படுவது பிள்ளையின் வெறும் தோலில். ஸ்டெபிலைசரின் மூலைகளை வட்டமாக வெட்டி, அதன்மேல் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய பின்னல் துணியை ஒட்டிவிடுங்கள். ஒட்டியதும் நான் உள்பக்கத்தை என் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். எனக்கு உறுத்தினால் இன்னொரு அடுக்கு ஒட்டுவேன்.